நாடும் நாட்டுப்புறமும்



'தமிழ்நாடு' என்று சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது. 'நாட்டுப்புறத்தான்' என்று யாராவது சொன்னால் முகம் சுருங்குகிறது. இரண்டிலும் இருப்பது ஒரே 'நாடு'தான். இதைப் பற்றி இன்று கொஞ்சம் பேசுவோம்.

பழந்தமிழில் நாடு என்றால் முதலில் காட்டுக்கு எதிர்ச்சொல். உழுது பயிரிட்டு மக்கள் குடியிருக்கும் நிலம் அது. கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கினான் என்று பட்டினப்பாலை பாடுகிறது. ஆக, ஏர் நுழைந்த பிறகுதான் நாடு!

சோழர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பல நாடுகளைச் சேர்த்து வளநாடு என்று வகுத்தவன் முதலாம் இராசராசன். அந்தந்த நாட்டின் வரி, நிலம், கோயில் கொடை பற்றிக் கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள் 'நாட்டார்'. வணிகர் சபையோ 'நகரத்தார்'. கல்வெட்டுகளில் நாட்டார் என்பது மதிப்புக்குரிய பெயர். கம்பரும் கோசலத்தின் வயல்வளம் சொல்லும் நாட்டுப்படலத்தை முதலில் வைத்து, அதன்பின்தான் நகரப்படலம் பாடினார்.

'புறம்' என்பதாலும் தாழ்வில்லை. அதற்குப் பக்கம் என்று பொருள். நகர்ப்புறம் என்கிறோமே!

பிறகு எப்படி இறங்கியது? வெள்ளையர் காலத்தில் கப்பலில் வந்ததெல்லாம் 'சீமை', உள்ளூரில் விளைந்ததெல்லாம் 'நாட்டு' என்று ஆனது. சீமை ஓடு வீட்டுக்குப் பெருமை, நாட்டு ஓடு ஏழைமை. சொல்லின் இறக்கத்தில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இன்று அரசுத் துறைக்கு 'ஊரக வளர்ச்சி' என்று பெயர். செய்தித்தாளில் 'கிராமப்புறம்'. கிராமம் வடமொழியிலிருந்து வந்தது. நாட்டுப்புறம் பாட்டுக்கும் கலைக்கும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் 'நாட்டார் வழக்காற்றியல்' என்றே ஒரு துறை இருப்பது மகிழ்ச்சி.

நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை என்றால் கூடுதல் விலை கொடுக்கிறோம். மனிதரை மட்டும் ஏன் இளக்காரமாகப் பார்க்கிறோம்? உங்கள் பிள்ளைகளை யாராவது 'நாட்டுப்புறம்' என்று கேலி செய்தால், தலைகுனிய வேண்டாம், இந்த வரலாற்றைச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் முன்பு எந்த நாட்டில் இருந்தது? ஊர்க்கோயில் கல்வெட்டில் பார்த்து எழுதுங்கள்.