அதிகாலை நாலு மணி

“கம்ப்யூட்டரா? அதெல்லாம் கணக்குப் புலிகள் சமாசாரம்!”

1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்கக் கல்லூரிகளிலும் இதே பேச்சுதான். அட்டையில் துளை போட்டு புரோகிராமைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில், சில இடங்களில் நாள்கணக்கில் தேவுடு காக்க வேண்டும். கடைசியில், ‘ஒரு கமா தப்பு’ என்று திரும்பி வரும். புதுசாகப் படிக்க வந்தவன் தலைதெறிக்க ஓடாமல் என்ன செய்வான்?

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டார்ட்மத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்கள் ஜான் கெமனிக்கும் தாமஸ் கர்ட்ஸுக்கும் இது பொறுக்கவில்லை. அங்கே அறிவியல் பக்கம் போகாத மாணவர்கள்தான் அதிகம். அவர்களுக்கும் கம்ப்யூட்டர் தெரிய வேண்டாமா?

பிறந்தது ‘பேஸிக்’ மொழி. லெட், பிரின்ட், இஃப்... எல்லாமே சாதாரண இங்கிலீஷ் வார்த்தைகள். 1964 மே 1, அதிகாலை 4 மணி. இரண்டு டெலிடைப்களில் இருவர் ஒரே சமயத்தில் ‘ரன்’ என்று தட்டினார்கள். இரண்டிலும் சரியான விடை! ஒரே இயந்திரத்தைப் பலரும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றானது. அந்தப் பங்கு போடும் வேலைக்கான புரோகிராமை எழுதியவர்கள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன்கள்!

தப்பு செய்தால் உடனே தெரிந்தது. திருத்தி, மறுபடி தட்டினார்கள். பயம் போனது.

முதல் வகுப்பில் திருதிருவென்று விழிக்கும் பிள்ளைகளே... தைரியமாகத் தப்பு பண்ணுங்கள். அதற்காகத்தான் இரண்டு பேராசிரியர்கள் அன்றைக்கு மெனக்கெட்டார்கள்!