இரண்டு பெயர் போட வேண்டிய படங்கள்

1928-ல் எடுத்த அந்தப் படத்தில் ஒரு பெண் சுவர்க்கண்ணாடியை ஒட்டி நிற்கிறார். தலைமுடி ஒட்ட வெட்டியிருக்கிறது. கட்டம் போட்ட மேலங்கியின் காலரை ஒரு கையால் கழுத்தோடு இழுத்துப் பிடித்திருக்கிறார். கண்ணாடிமுன் நிற்கிறவர்கள் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இவர் பார்ப்பது நம்மை. காலர் மறைத்த கழுத்து கண்ணாடிக்குள் திறந்து தெரிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கழுத்தில்தான் என் கண் போய் நிற்கிறது.

அவர் க்ளோத் காயுன். 1894-ல் பிரான்சின் நாந்த் நகரில் பிறந்தபோது வைத்த பெயர் லூசி ஷ்வோப். புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்தவர். சித்தப்பா மார்செல் ஷ்வோப் பெயர்பெற்ற எழுத்தாளர். 1899-ல் சாரா பெர்னார்ட் என்ற நடிகை ஆண்வேடமிட்டு ஹாம்லெட்டாக மேடையேறினாரே, அந்தப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் மார்செலுக்குப் பங்குண்டு. பாட்டியின் சகோதரர் லெயோன் காயுன் பாரிசின் மசாரின் நூலகத்தில் நூலகராக இருந்தவர். பாட்டி வீட்டுப் பெயரையே லூசி தன் பெயராக எடுத்துக்கொண்டார். க்ளோத் என்பது பிரெஞ்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர்.

படித்த கதைகளுக்குள் புகுந்து பார்க்கும் ஆசை அவருக்குத் தீரவே இல்லை. ஏவாள், பெனலோப்பி, சாஃபோ, சிண்ட்ரெல்லா ஆகியோரைத் தங்கள் கதையைத் தாங்களே சொல்லவிட்டு, 1925-ல் ‘நாயகிகள்’ என்ற வரிசையை எழுதினார். 1929-ல் பாரிஸ் நாடகக் குழு ஒன்றில் சில வேடங்கள் கிடைத்தன. ஒன்று, 12-ஆம் நூற்றாண்டு ஆதாம் நாடகத்தில் சாத்தான். இன்னொன்று, பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-ல் அச்சேற்றிய நீலத்தாடிக்காரன் கதையில், பூட்டிய அறையைத் திறந்துவிடும் மனைவி. பொம்மைபோல் தீட்டிய முகத்தோடு அந்த மனைவியாக அவர் நிற்கும் படங்கள் இருக்கின்றன.

இவற்றைத் தன்படங்கள் என்கிறோம். ஆனால் பலவற்றில் கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் சுசான் மலேர்ப் என்றே நம்பப்படுகிறது. ஓவியர், இளவயதுத் தோழி, பின்னர் காயுனின் அப்பா மலேர்ப்பின் அம்மாவை மணந்ததால் சகோதரியும் ஆனவர், வாழ்நாள் துணை. மார்செல் மூர் என்ற பெயரில் வரைந்தார். காயுன் வாழ்ந்த காலத்தில் அச்சில் வந்த படங்கள் மிகச் சில. மற்றவை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

1937-ல் இருவரும் ஜெர்சித் தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். செயின்ட் பிரலேட் கடற்கரையில், தேவாலயத்தை ஒட்டிய வீடு. 1940 ஜூலையில் ஜெர்மன் படை தீவைப் பிடித்தது. ‘பெயரில்லாச் சிப்பாய்’ என்று ஜெர்மன் மொழியில் கையெழுத்திட்டு, போரை நிறுத்தச் சொல்லும் துண்டுச்சீட்டுகளை இவர்கள் தட்டச்சு செய்தார்கள். சிப்பாய்களின் சட்டைப்பையிலும் சிகரெட் பெட்டியிலும் செருகினார்கள். மலேர்ப்புக்கு ஜெர்மன் தெரியும். நான்கு ஆண்டுகள் பிடிபடவில்லை. 1944 ஜூலையில் கைது, நவம்பரில் மரண தண்டனை. வீட்டைச் சோதனையிட்டவர்கள் படங்களில் ஒரு பகுதியை அழித்தார்கள். தண்டனை நிறைவேறவில்லை, 1945 மே மாதம் தீவு விடுதலையானபோது இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த மாதமே ஒரு படம் எடுத்தார்கள்: தலையில் துணி கட்டிய நடுவயதுப் பெண், பற்களுக்கு இடையே நாஜிக் கழுகுச் சின்னம். இத்தனை வேடம் போட்டவர் அதில் எந்த வேடமும் போடவில்லை.

காயுன் 1954-ல் இறந்தார், மலேர்ப் 1972-ல். வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. நெகட்டிவ்களும் அச்சுகளும் கிடந்த பெட்டிகளை உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் எடுத்தார். அவர் எடுக்காமல் போயிருந்தால் இவை குப்பையோடு போயிருக்கும். 1992-ல் பிரான்சுவா லெபெர்லியே எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குப் பிறகு உலகம் காயுனைத் தேடியது. இன்று அந்தத் தொகுப்பு ஜெர்சி மரபு அமைப்பின் காப்பில் இருக்கிறது.

வீட்டை ஒட்டிய அந்தத் தேவாலயத் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே கல்லறை. 2018-ல் பாரிஸ் ஒரு தெருவுக்குப் பெயர் வைத்தபோதும் இரண்டு பெயரையும் சேர்த்தே வைத்தது. இந்தப் படங்களை அச்சிடுகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்: கீழே காயுன் பெயரோடு மலேர்ப் பெயரையும் போடுங்கள்.