கிராம்பும் வடிகாலும்: மலாயாத் தோட்டத் தமிழரின் தன்மருத்துவம்

மலாயாத் தோட்டப்புறத் தமிழரின் உடல்நல வரலாறு பெரும்பாலும் இரு வகையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தொழிலாளர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கி வேப்பிலையையும் திருநீற்றையும் நாடியதைக் குடியேற்ற ஆட்சியாளர் அறியாமை என்றனர். பிற்காலத்து நம்மவரோ அதே வழக்கங்களைப் ‘பாட்டி வைத்தியம்’ என்றும் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் என்றும் போற்றலாயினர். எந்த நோயைத் தொழிலாளி தன் கையாலேயே தணித்துக்கொள்ள முடிந்தது, எந்த நோய் அவன் கைக்கு எட்டாததாயிருந்தது என்னும் வினாவை இவ்விரு சாராரும் எழுப்பவில்லை. இக்கட்டுரை அவ்வினாவையே முன்வைக்கிறது.

எளிய சான்றாகப் பல்வலியைக் கொள்ளலாம். சொத்தைப் பல்லில் கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்ளுதல் தமிழகத்திலிருந்து வந்தவர் அறிந்த முறை. வந்து சேர்ந்த நாட்டிலும் அப்பொருள் புதியதன்று. கிராம்பின் தாயகம் மலுக்குத் தீவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பினாங்கிலும் அது பெருந்தோட்டப் பயிராக விளங்கியது. கிராம்பெண்ணெயில் மிகுந்துள்ள யூஜினால் என்னும் பொருள் நரம்பை மரத்துப்போகச் செய்யும் இயல்புடையது. அதனைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துப் பல்லை அடைக்கும் முறையைப் பல் மருத்துவரும் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். எனவே, கிராம்பைக் கடித்த தொழிலாளி மூடநம்பிக்கையில் உழன்றவன் அல்லன். ஆயினும் கிராம்பு வலியை மட்டுமே அடக்கியது. சொத்தை உள்ளே வளர்ந்துகொண்டேயிருந்தது.

வலி அடங்கினால் போதும் என்ற நிலை ஏன் ஏற்பட்டது? இதற்கான விடை மருத்துவ நூல்களில் இல்லை; கூலிக் கணக்கில் உள்ளது. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்றவருக்கே அன்றைய வேலை. வேலை செய்த நாளுக்கே கூலி. பொருளாதார மந்தம் தொடங்கிய 1930-இல் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. மருத்துவமனையில் படுத்த நாள் அடுப்பெரியாத நாளாகிவிடும். ஆகவே சுக்கு, மிளகு, ஓமம், நிலவேம்பு, கிராம்பு ஆகியன மறுநாட் காலையில் ஆளை எழுப்பிப் பெரட்டுக் களத்தில் நிறுத்தும் கருவிகளாயின. தோட்டத்து மருந்துச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளியின் மனைவியே தன் அஞ்சறைப்பெட்டியிலிருந்து செலுத்தி வந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

முறைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவிடம் இக்கருவிகள் தோற்றன. 1911-இல் கூட்டு மலாய் மாநிலத் தோட்டங்களில் தொழிலாளர் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 60-ஐத் தாண்டியது. நிலவேம்புக் கசாயம் காய்ச்சலின் வேகத்தைச் சற்றுத் தணித்திருக்கலாம். கொசுவை அது என்ன செய்யும்? 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தைத் திருத்தி வடிகால் வெட்டச் செய்தார். கிள்ளானிலும் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. குன்றுப்புறத் தோட்டங்களின் நிலை வேறு. அங்கே காடழித்து ரப்பர் நட்டபோது நிழல் நீங்கி வெயில் பட்ட ஓடைகளில் வேறோர் இனக் கொசு பெருகிற்று. அதாவது, தோட்டத்தை உண்டாக்கிய செயலே நோயையும் உண்டாக்கியது. அதற்கு மாற்று நிலத்தடிக் குழாய் வடிகாலும் எண்ணெய் தெளிப்புமே. அவற்றைச் செய்விக்கும் அதிகாரமும் பணமும் நிருவாகத்திடமே இருந்தன. தோட்டங்கள் மருத்துவமனை நடத்த வேண்டும் என்ற கடப்பாட்டை 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வலியுறுத்தியதும் இச்சூழலிலேதான்.

மனத்தின் பங்கும் நோக்கத்தக்கது. அம்மை கண்ட வீட்டில் வாயிலில் வேப்பிலை செருகி, மாரியம்மன் தாலாட்டுப் பாடி, நேர்த்திக்கடன் வைப்பது வழக்கம். ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சு நாட்டு மருந்தாளர் எமில் குவே, நலமடைந்து வருவதாகத் தனக்குத் தானே நாள்தோறும் சொல்லிக்கொள்ளும் முறையைப் பரப்பி, 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருங்கூட்டத்தை ஈர்த்தார். மேலைநாட்டார் செய்தால் உளவியல், நம்மவர் செய்தால் மூடத்தனம் என்று கொள்வது நேர்மையாகாது. இரண்டும் நோயாளிக்கு நம்பிக்கையூட்டும் முயற்சிகளே. ஒரு வேறுபாடு உண்டு. குவேயின் நோயாளி தனியே அமர்ந்து தன்னிடமே பேசினான். லயத்து நோயாளிக்காகச் சுற்றத்தார் கூடிப் பாடினர். பின்னதே ஆழமானது என்பது என் கருத்து. ஆயினும் பெரியம்மையை ஒழித்தது பாட்டன்று, தடுப்பூசி. அந்நோய் ஒழிந்ததென உலக நலவாழ்வு நிறுவனம் 1980-இல் அறிவித்தது.

சப்பானியர் ஆட்சி இவ்வரலாற்றின் கடுமையான சோதனைக் காலம். 1942 மார்ச்சில் சாவகம் வீழ்ந்ததும் உலகக் கொயினாவின் பெரும்பகுதி அவர்கள் வசமாயிற்று. தோட்டத்து மக்களுக்கு அது எட்டாப் பொருளாயிற்று. வடிகால்கள் தூர்ந்தன. மருத்துவம் மீண்டும் முழுமையாக அடுப்படிக்கே திரும்பியது. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருக்கோ அந்த அடுப்படியும் இல்லை. 1943-இல் அம்முகாம்களில் வாந்திபேதி பரவியபோது காய்ச்சிய நீரே உயிர் காக்கும் மருந்து. அதற்கு வேண்டிய விறகும் பாத்திரமும் ஓய்வுநேரமும் பலருக்குக் கிட்டவில்லை.

மலேசியாவில் மரபு மருத்துவத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2016-இல் நடைமுறைக்கு வந்தது. இந்திய மரபு மருத்துவமும் அதனுள் அடங்கும். பதிவுபெற்ற மருத்துவருக்கு இதனால் நன்மையே. லயத்துக் கிழவியரின் அறிவோ எந்தப் பதிவேட்டிலும் ஏறாதது. டிரசர் ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஏடுகளில் சேர்க்கையும் இறப்பும் உண்டு, கசாயம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபின் வாய்மொழியே எஞ்சிய சான்று. தமிழாசிரியர் சிலர் மாணவரைக் கொண்டு மூலிகைப் பட்டியல் தொகுத்து வருவது மகிழ்ச்சிக்குரியது. அப்பணியில் மருந்தின் பெயரோடு, அது யாருக்காக, எந்தக் காலத்தில் காய்ச்சப்பட்டது, மருத்துவமனைக்கு ஏன் செல்லவில்லை, மறுநாள் பெரட்டுக்குப் போனாரா என்பனவற்றையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்.