வெயில் வரும் திசை பார்த்து வீடு கட்டுவோம்

வன்னியில் மீள்குடியேறியோரின் கல்வீடுகள் பலவற்றில் மதியவேளை இருக்கவே முடிவதில்லை என்று, செய்தி சேகரிக்கச் சென்ற இடங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். கூரைச் சீற் மட்டுமல்ல, வீடு அமைந்த திசையும் இதற்குக் காரணம்.

கிளிநொச்சியில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மார்கழியில் தெற்கே சாய்ந்து, ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும். தென்பக்கத் தாழ்வாரத்தை 3 அடி நீட்டினால், அப்போதும் சுவரில் நாலரை அடிக்கு நிழல் விழும். காலை, மாலை வெயிலோ தாழ்வாக வருவதால் தாழ்வாரத்துக்கு அடங்காது. ஆகவே நீளச் சுவர்கள் வடக்கு, தெற்காகவும் குறுகிய சுவர்கள் கிழக்கு, மேற்காகவும் அமையட்டும். மேற்கில் படுக்கையறை வேண்டாம். விறாந்தை வைத்து, வெளியே வேம்பு நடலாம். சோழகம் புகுந்து வெளியேறத் தெற்கிலும் வடக்கிலும் யன்னல்கள் தேவை.

வீட்டுத்திட்டப் பணம் ஒருமுறைதான் கிடைக்கும். அத்திவாரம் வெட்டுமுன் திசையை மாற்றச் செலவில்லை. வெட்டியபின் மாற்ற வழியில்லை.