படத் தரவு வகை மாற்றமும் இந்தியத் தொலையுணர்வுப் படங்களும்

படத் தரவு வகை மாற்றம் என்பது, ஒரு படத்தின் புள்ளிகளைக் குறிக்கும் எண்களை ஓர் எண் வகையிலிருந்து வேறோர் எண் வகைக்கு மாற்றுவதாகும். கணினிக்குப் படம் என்பது எண்கள் நிரம்பிய கட்டமே. அவ்வெண்கள் எத்தனை பிட் கொண்டவை, எதிர்மம் ஏற்பவையா, பின்னம் ஏற்பவையா என்பதைத் தரவு வகை சொல்கிறது. செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு ஏரியின் பரப்பை அளக்கும்போது இம்மாற்றம் தவறினால், நிலமும் நீராகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

செயற்கைக்கோள்களில் பிட் அளவு

இந்தியாவின் முதல் செயல்பாட்டு நிலைத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988 மார்ச் 17 அன்று சோவியத் ஏவுகலத்தில் அனுப்பப்பட்டது. அதன் லிஸ் ஒளிப்படக் கருவிகள் ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவையும் 7 பிட்டில் பதிந்தன. அதாவது 0 முதல் 127 வரை 128 படிநிலைகள். 2003 அக்டோபர் 17 அன்று ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-1-இன் லிஸ்-4 கருவி 10 பிட்டில் படமெடுத்து, 7 பிட்டை மட்டும் தரைக்கு அனுப்பியது. ஆக, முதல் வகை மாற்றம் விண்ணிலேயே நடந்தது. 2011 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ரிசோர்ஸ்சாட்-2-இல் லிஸ்-3, லிஸ்-4 ஆகியவை 10 பிட் தரவையே தந்தன. படிநிலைகள் 1024 ஆயின. 7 பிட் எண் 8 பிட் இடத்தில் அடங்கும். 10 பிட் எண்ணுக்கு 16 பிட் இடம் வேண்டும்.

ஓப்பன்சிவி நூலகம்

இத்தகைய படங்களைக் கையாளப் பரவலாகப் பயன்படும் கணினிப் பார்வை நூலகம் ஓப்பன்சிவி. இன்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி 1999-இல் இதைத் தொடங்கினார். 2000-இல் சோதனைப் பதிப்பும், 2006-இல் 1.0 பதிப்பும் வெளிவந்தன. தொடக்கத்தில் படங்கள் 'ஐபிஎல்இமேஜ்' என்ற சி மொழி அமைப்பில் வைக்கப்பட்டன. 2009-இல் வந்த 2.0 பதிப்பு, சி++ மொழியின் 'மேட்' அமைப்பை முன்வைத்தது. அதன் 'கன்வெர்ட்டூ' செயற்கூறு ஒவ்வோர் எண்ணையும் ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, ஒரு கூட்டெண்ணைச் சேர்த்து, புதிய வகையில் எழுதுகிறது. பெருக்கெண் தராவிட்டால் அது 1 எனக் கொள்ளப்படும்.

இரு வகைப் பிழைகள்

மரக்கால் நெல்லைப் படியில் கொட்டினால் படி நிறையும், மீதி சிந்தும். 10 பிட் படத்தைப் பெருக்கெண் இன்றி 8 பிட்டாக மாற்றினால் நிகழ்வதும் அதுவே: 255-க்கு மேற்பட்ட எல்லா எண்களும் 255 ஆகி, படத்தின் பெரும்பகுதி வெளுத்துவிடும். பைத்தான் மொழியின் நம்ப்பை நூலகம் வேறு விதம். கடிகாரத்தில் 12-க்குப் பின் 1 வருவதுபோல், அங்கே 255-க்குப் பின் 0 வரும். 300 என்ற எண் 44 ஆகும். சரியான முறை, 255-ஐ 1023-ஆல் வகுத்த ஈவைப் பெருக்கெண்ணாகத் தருவது.

திரையில் காட்டுவதிலும் இதே சிக்கல் உண்டு. ஓப்பன்சிவி 16 பிட் படத்தைக் காட்டும்போது எண்களை 256-ஆல் வகுக்கிறது. 10 பிட் படத்தின் மிக உயர்ந்த எண்ணான 1023 அப்போது ஏறத்தாழ 4 ஆகிவிடும். திரை கறுப்பாகத் தெரியும். தரவு கெடவில்லை, அதன் அளவுகோல்தான் பொருந்தவில்லை.

ஏரியை அளத்தல்

சென்னையின் மேற்கே மண்ணூர்பேட்டையைச் சுற்றியுள்ள கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகள் போன்ற நீர்நிலைகளைப் படத்தில் பிரித்தறிய, 1996-இல் மெக்ஃபீட்டர்ஸ் அளித்த நீர்க் குறியீடு உதவும். பச்சை ஒளியளவிலிருந்து அண்மை அகச்சிவப்பு அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நீர் பெரும்பாலும் நேர்ம விடையும், நிலம் எதிர்ம விடையும் தரும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நிலப்புள்ளியில் பச்சை 60, அகச்சிவப்பு 120 எனக் கொள்வோம். கழித்தால் -60. எதிர்மம் ஏற்காத 8 பிட் வகையில் ஓப்பன்சிவி இதை 0 ஆக்கும்; நம்ப்பை 196 ஆக்கும். முதலாவதில் நிலம் என்ற அடையாளம் அழிகிறது. இரண்டாவதில் நிலம் நீராகிறது. இரண்டிலும் கணினி எந்த எச்சரிக்கையும் தராது. கழிப்பதற்கு முன்பே எண்களை 32 பிட் மிதவைப் புள்ளி வகைக்கு மாற்றினால், -60-ஐ 180-ஆல் வகுத்து -0.33 என்ற சரியான விடை கிடைக்கும்.

ஏரியின் எல்லை எங்கே என்பது ஆக்கிரமிப்பு, வெள்ளம், குடிநீர் ஆகியவற்றோடு தொடர்புடைய கேள்வி. எனவே மாணவர்கள் ஒரு படத்தைத் திறந்தவுடன் மூன்றைக் குறித்துக்கொள்வது நன்று: எண் வகை, மீச்சிறு மதிப்பு, மீப்பெரு மதிப்பு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இம்மூன்றையும் மீண்டும் பார்த்தால் பிழை உடனே தெரிந்துவிடும்.