கொங்குப் புதினங்களில் கதைப்பின்னல்

கொங்குப் புதினங்களில் கதைப்பின்னல் என்பது, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் முதலிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டைக் களமாகக் கொண்ட தமிழ்ப் புதினங்களில் நிகழ்ச்சிகள் காரண காரியத் தொடர்போடு கோக்கப்படும் முறையைக் குறிக்கும். இப்புதினங்கள் பெரும்பாலும் வட்டார வழக்குக்காகவே பேசப்படுகின்றன. அவற்றின் கட்டமைப்பு அந்த அளவுக்குக் கவனிக்கப்பட்டதில்லை. ஆயினும், நிலமும் அதற்குரிய வாரிசும் கதையின் முடிச்சாக அமைவதும், முடிச்சு முழுவதும் அவிழும் முன்னரே கதை நிறுத்தப்படுவதும் இவற்றுள் முக்கியமான சில படைப்புகளில் காணப்படும் கூறுகள் ஆகும்.

கதையும் கதைப்பின்னலும்

நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் சொல்வது கதை. அவற்றைக் காரணத்தால் பிணைத்துச் சொல்வது கதைப்பின்னல். இவ்வேறுபாட்டை ஆங்கிலப் புதின ஆசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927 இல் வெளியான தமது திறனாய்வு நூலில் விளக்கினார். அதற்கு வெகு முன்னரே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நாடகத்தை முடிச்சிடுதல், அவிழ்த்தல் என இரு பகுதிகளாகப் பிரித்துள்ளார். அவர் துன்பியல் நாடகத்தை முன்வைத்தே இதைக் கூறினார் எனினும், புதினத்துக்கும் இது பொருந்தும்.

நாகம்மாள்

ஆர். சண்முகசுந்தரம் (1917–1977) எழுதி 1942 இல் வெளியான நாகம்மாள், தமிழின் முதல் வட்டாரப் புதினமாகக் கருதப்படுகிறது. நாகம்மாள் ஒரு பெண் குழந்தையுடன் கணவனின் தம்பி சின்னப்பன் குடும்பத்தில் வாழும் இளம் கைம்பெண் ஆவாள். தன் கணவனுக்குரிய நிலத்தைப் பிரித்துத் தரும்படி அவள் கேட்பதே கதையின் முடிச்சு.

இக்கோரிக்கையின் கனத்தை உணர அக்காலச் சட்ட நிலையை அறிதல் வேண்டும். 1937 ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பத்தில் கணவனுக்கு இருந்த பங்கைக் கைம்பெண்ணுக்கு அளித்தது. ஆனால் மாகாணங்களில் உள்ள வேளாண் நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 1941 இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. சென்னை மாகாணத்தில் வேளாண் நிலத்துக்கும் அதை விரிவுபடுத்தும் சட்டம் 1947 இல்தான் இயற்றப்பட்டது. எனவே, புதினம் வெளியான ஆண்டில் நாகம்மாளைப் போன்ற ஒருத்திக்குக் காட்டில் பங்கு கேட்க இச்சட்டம் துணை நிற்கவில்லை. அவளுக்கு இருந்த வழி ஊராரின் துணையே. ஊரில் பலம் உள்ளவர்களுக்கோ சின்னப்பன் மீது தனிப்பட்ட பகை இருந்தது.

கதைப்பின்னலின் திறம் இங்கேதான் வெளிப்படுகிறது. நாகம்மாளோடு உறவு கொண்டிருக்கும் முரடன் கெட்டியப்பனும், சின்னப்பனை வெறுக்கும் ஊர்ப் பெரியவர்களும் அவளது நியாயமான கோரிக்கையைத் தத்தம் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்கின்றனர். முடிச்சிட்டவள் அவளே, ஆனால் கயிறு அவள் கையில் இல்லை. சின்னப்பன் கெட்டியப்பனால் கொல்லப்படுவதோடு புதினம் முடிகிறது. கொலைக்குப் பின் நாகம்மாளுக்கு நிலம் கிடைத்ததா, கொலையாளி தண்டிக்கப்பட்டானா என்பவை விரித்துரைக்கப்படவில்லை. இதை அவசரமான முடிவு எனக் கருதுவோர் உண்டு. எனினும், அதற்கு மேல் ஓர் அத்தியாயம் சேர்த்திருந்தால் இது வழக்கமான குற்றக்கதையாக மாறியிருக்கும்.

மாதொருபாகனும் இரு தொடர்ச்சிகளும்

பெருமாள்முருகன் எழுதிய மாதொருபாகன் (2010), திருச்செங்கோட்டு வட்டாரத்தைச் சேர்ந்த காளி, பொன்னா என்னும் குழந்தையற்ற இணையரின் கதை. நிகழ்காலக் கதை திருவிழாவை ஒட்டிய குறுகிய காலத்தில் அடங்கிவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டு இல்வாழ்வு, அவர்கள் பட்ட ஏச்சு, செய்த வேண்டுதல்கள் ஆகியவை பின்னோக்கிச் சொல்லப்படுகின்றன. பூவரசு மரத்தில் தொடங்கும் கதை பூவரசு மரத்தடியிலேயே முடிகிறது.

தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், பிள்ளையில்லாப் பெண்கள் முன்பின் அறியாத ஆடவருடன் கூடலாம் என்ற வழக்கம் கதையில் இடம்பெறுகிறது. காளி இதற்கு உடன்படவில்லை. ஆனால் அவன் சம்மதித்துவிட்டதாகப் பொன்னாவின் அண்ணன் முத்து அவளிடம் பொய் சொல்கிறான். அவள் கணவன் இசைவோடு செல்வதாக நம்புகிறாள். அவனோ அவள் போகமாட்டாள் என்று நம்புகிறான். ஒரே பொய்யைக் கொண்டு இருவரையும் குற்றமற்றவர்களாக வைத்துக்கொண்டே பகையாக்கும் இந்த முடிச்சு மிகச் சிக்கனமானது. உண்மை அறிந்த காளி மரத்தடியில் கிடக்க, இருவரும் மீண்டும் சந்திக்கும் முன்பே புதினம் நின்றுவிடுகிறது.

இம்முடிவிலிருந்து ஆசிரியர் 2014 இல் இரு புதினங்களைக் கிளைக்கச் செய்தார். ஆலவாயனில் காளி தூக்கிட்டு இறந்துவிடுகிறான். பொன்னா தனித்து வாழ்வதே அதன் கதை. அர்த்தநாரியில் காளி உயிர் பிழைக்கிறான். அவனது மௌனத்தைப் பொன்னா எதிர்கொள்வதே அதன் கதை. இவை ஒன்றுக்கொன்று தொடர்ச்சி அல்ல. இரண்டும் முதல் நூலின் இறுதிப் பக்கத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் ஜான் ஃபவுல்ஸ் 1969 இல் ஒரே நூலுக்குள் மாற்று முடிவுகளை அமைத்துக் காட்டினார். பெருமாள்முருகனோ ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு முழுப் புதினத்தையே அளித்துள்ளார்.

2014 டிசம்பரில் மாதொருபாகனுக்கு எதிராக எழுந்த போராட்டமும் இத்திருவிழா இரவைப் பற்றியதே ஆகும். 2015 ஜனவரியில் ஆசிரியர் எழுத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். நூலுக்குத் தடை கோரிய வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று தள்ளுபடி செய்தது. அதன் பின்னர் அவர் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

பிற அமைப்புகள்

பெருமாள்முருகனின் முதல் புதினமான ஏறுவெயில் (1991), குடியிருப்புக் கட்டுவதற்காக நிலம் இழந்த ஓர் உழவர் குடும்பம் சிதைவதைச் சொல்கிறது. இங்கு நிலம் பறிபோவது கதையின் முடிவு அன்று, தொடக்கம்.

2023 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம், நாவிதர் குலத்தைச் சேர்ந்த காரு மாமாவின் இறப்புச் செய்தியோடு தொடங்குகிறது. சாவுக்குக் கூடும் உறவினர்களும், அதையொட்டி எழும் நினைவுகளுமே அதன் கட்டமைப்பு. கதைத்தலைவன் இறந்துவிட்டதால் இனி என்ன நடக்கும் என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. அவர் எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்பதே வாசகரை அடுத்த பக்கத்துக்கு இழுத்துச் செல்கிறது.