நாழிகை வழி

தூரத்தையும் காலத்தையும் தமிழர் ஒரே சொல்லால் அளந்த காலம் ஒன்றிருந்தது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்துக்குள் ஓர் ஆள் நடந்து கடக்கும் தொலைவு 'நாழிகை வழி'. வட்டாரத்துக்கு வட்டாரம் சற்றே மாறினாலும் ஏறத்தாழ ஒன்றரை மைல் என்று கொள்ளலாம். எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் எவ்வளவு நேரம் என்று கேட்டாலும் விடை ஒன்றுதான். நடப்பவனுக்குக் குறுக்குவழி இரண்டு கணக்கிலும் குறுக்குவழியே. இந்த இரண்டு கணக்குகளும் எப்போது பிரிந்தன, பிரிந்தபோது எந்த ஊர் எதை இழந்தது என்பதை அறியச் சென்னைக்கு மேற்கே, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையிலான பத்து கிலோமீட்டரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்பகுதியைக் கடந்து மேற்கே செல்ல இரண்டு வழிகள் உண்டு. கூவத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இரண்டும் நம் சமய இலக்கியத்தில் தடம் பதித்தவை. தெற்கு வழி திருக்கச்சி நம்பிகளுடையது. பூவிருந்தவல்லியில் பிறந்த நம்பிகள் பூ எடுத்துக்கொண்டு காஞ்சி வரதனிடம் நாள்தோறும் நடந்தே சென்றார் என்பது வைணவ மரபு. ஒரு திசைக்கே ஐம்பது கிலோமீட்டர் வரும் அத்தொலைவை நாள்தோறும் நடப்பது உடலால் ஆகிற காரியமா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கதையே உணர்ந்திருக்கிறது போலும். முதுமையில் நம்பிகளால் நடக்க முடியாதபோது பெருமாளே பூவிருந்தவல்லிக்கு வந்துவிட்டார் என்று முடிகிறது. காஞ்சி வரதர், திருவரங்கத்து அரங்கர், திருமலை வேங்கடவர் மூவரையும் பூந்தமல்லிக் கோயிலில் இன்றும் காணலாம். பயணத் தொலைவைச் சுழியமாக்கிய ஒரே தீர்வு அது.

வடக்கு வழி சுந்தரருடையது. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை நீங்கியதும் அவருக்குப் பார்வை போகிறது. பெரியபுராணம் காட்டும் வரிசையில் அவர் வட திருமுல்லைவாயில், திருவெண்பாக்கம், திருவாலங்காடு வழியாகக் காஞ்சி அடைந்து இடக்கண் பெறுகிறார். ஒற்றியூரிலிருந்து காஞ்சிக்கு இது நேர்வழி அன்று, நல்ல சுற்று. ஆனால் அவர் போனது காஞ்சிக்கு மட்டும் அல்லவே. (திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம் 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது; கோயிலை இடம் பெயர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.) இந்த ஊர்ப்பெயர்களை இன்றைய ரயில் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். திருமுல்லைவாயில் ஒரு நிலையம், திருவாலங்காடு ஒரு நிலையம். சென்னையிலிருந்து அரக்கோணத்துக்குப் போடப்பட்ட இருப்புப்பாதை ஏறக்குறைய சுந்தரரின் வழியிலும், பெங்களூர் நெடுஞ்சாலை நம்பிகளின் வழியிலும் செல்கின்றன.

கம்பெனிக் காலத்தில் எடை முழுவதும் தெற்கு வழியின் பக்கமே இருந்தது. கோட்டையிலிருந்து ஆர்க்காட்டுக்குப் போகும் படையும் வண்டியும் பூந்தமல்லியைத் தொட்டே சென்றன. அங்கே பட்டாளத்துக்கு டிப்போ இருந்தது. நகரின் முதன்மைச் சாலைகளில் ஒன்று பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றே பெயர் பெற்றது. அது பிற்காலத்தில் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை ஆயிற்று. பரங்கிமலைப் பாளையத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கப் போரூர் வழியாக மற்றொரு சாலையும் இருந்தது. பிராட்வேயிலிருந்து பூந்தமல்லிக்குப் பல பத்தாண்டுகளாக 53ஆம் எண் பேருந்து முதற்சாலையிலும், 54ஆம் எண் பேருந்து கிண்டி, போரூர் என்று சுற்றியும் வந்தன. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒன்று, தூரமும் நேரமும் வேறு. எதில் ஏறுவது என்ற வாதம் இப்பகுதி வீடுகளில் இரண்டு தலைமுறைக்கு நடந்தது.

1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 63 மைல் தூரத்துக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. பழைய சாலையும் வாலாஜாவுக்குத்தான் செல்கிறது; இரு வழிகளின் தூரத்திலும் பெரிய வேறுபாடில்லை. நேரத்திலோ, வண்டிமாட்டுக்கு நாட்கணக்கு, ரயிலுக்கு மணிக்கணக்கு. நாழிகை வழி என்ற சொல் பொருளிழந்தது அந்த நாளில்தான் என்பேன். பாதை பூந்தமல்லிக்கு வரவில்லை, ஆவடி வழியே போயிற்று. நெடுஞ்சாலைக்கே தன் பெயரைக் கொடுத்த ஊரில் ரயில் நிலையம் இல்லாமலும், பக்கத்துச் சிற்றூரில் நிலையம் உள்ளதுமாக நிலைமை தலைகீழானது.

அதன்பின் தொழில் எல்லாம் இருப்புப்பாதையைப் பார்த்தே வந்தது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையும், 1964இல் தொழிற்பேட்டையும் அம்பத்தூரில் அமைந்தன. ஆவடியில் 1955இல் காங்கிரஸ் மாநாடு, 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை, 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி. ஆவடி என்பது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். பீரங்கிக்குப் பல காலம் முன்பே ரயில் நிலையத்தில் அந்தப் பெயர் இருந்தது. படைக்கலக் கிடங்குகளுக்காகப் பட்டாபிராமில் ஒரு கிளைப்பாதையும் போட்டார்கள். 'மிலிட்டரி சைடிங்' என்ற பெயரோடு அதில் மின்ரயில் ஓடுகிறது. கிடங்குக்குக் கிடைத்த கிளைப்பாதை, தெற்கே பத்து கிலோமீட்டரில் இருந்த பூந்தமல்லிக்குக் கிடைக்கவில்லை. 1979இல் திருவள்ளூர் வரை மின்மயமானபின் இந்த இடைவெளி இன்னும் அகன்றது.

இனிச் சற்றுக் கணக்கு. பூந்தமல்லியிலிருந்து சென்ட்ரலுக்கு நேர்ச்சாலையில் ஏறத்தாழ 22 கி.மீ. ஆவடி சென்று ரயில் ஏறினால் 10 கி.மீ. சாலை, 21 கி.மீ. ரயில், ஆக 31. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது, டீசலுக்கு 2.7. (முக்கால் கிலோ எடைகூட இல்லாத எரிபொருளிலிருந்து இத்தனை எப்படி என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறது.) லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காரில் தனியாகப் போகிறவர் நேர்ச்சாலையில் சுமார் 3.4 கிலோ விடுகிறார். லிட்டருக்கு 45 கொடுக்கும் இருசக்கர வண்டி 1.1 கிலோ. லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் பேருந்தில் ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு 300 கிராம். ஆவடி வரை பேருந்தில் போய் ரயில் ஏறுபவருக்குச் சாலைப் பங்கு 135 கிராம். ரயிலின் பங்கை ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குப் பிரித்தால் ஆளுக்கு மிகச் சொற்பம். ஒன்பது கிலோமீட்டர் அதிகம் பயணம் செய்பவரே குறைவாகப் புகை விடுகிறார். ஆயினும் ரயிலுக்குப் புகையே இல்லை என்று சொல்வது சரியல்ல. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அம்பத்தூரில் விழாத சாம்பல் எண்ணூர், அத்திப்பட்டுக் கரைகளில் விழுகிறது. சுந்தரர் புறப்பட்ட ஒற்றியூருக்குச் சற்று வடக்கே.

ஆனால் அந்த முதல் பத்து கிலோமீட்டர்தான் சிக்கல். ஆவடிப் பக்கக் கல்லூரியில் பாடம் நடத்துபவனாதலால், பூந்தமல்லியிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் மணிக்கு வந்துசேர்வதற்குள் களைத்துவிடுவதைப் பார்த்துவருகிறேன். பழைய கணக்கில் அது நான்கு நாழிகை வழி, நடந்தால் ஒன்றரை மணிக்குச் சற்று மேல். நெரிசல் வேளையில் அதில் பாதி நேரம் பேருந்திலேயே நின்றுகொண்டு போய்விடுகிறது.

வெளிவட்டச் சாலை இதைத் தீர்க்கும் என்றார்கள். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை 2014இலும், அங்கிருந்து மீஞ்சூர் வரை 2021இலும் திறக்கப்பட்டு 60 கி.மீ.க்கு மேல் நீளும் சாலை அது. ஆவடியிலிருந்து மேற்கே நெமிலிச்சேரி போய், வெளிவட்டத்தில் இறங்கி, நசரத்பேட்டையருகே திரும்பிப் பூந்தமல்லி வந்தால் ஏறத்தாழ 20 கி.மீ., அதாவது இருமடங்கு. தடையில்லாமல் ஓடுவதால் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை. சில மாலைகளில் குறைகிறது. நெரிசலில் லிட்டருக்கு 12 கொடுக்கும் கார் இங்கே 16 கொடுப்பதாகவே கொள்வோம். பழைய வழியில் 1.9 கிலோ, புதிய வழியில் 2.9 கிலோ. ஓட்டுபவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மிச்சம் என்கிறார். பெட்ரோல் முள் வேறு சொல்கிறது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு லாரிக்கு இச்சாலை பெரும் உதவிதான், மறுக்கவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவிக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு 26.1 கி.மீ. மெட்ரோ வழித்தடம், அதைப் பரந்தூருக்கு நீட்ட ஒரு திட்டம், கோயம்பேட்டிலிருந்து ஆவடிக்கு இன்னொரு திட்டம். மூன்றும் கிழக்கு மேற்காகவே செல்பவை. கூவத்தைக் குறுக்கே கடந்து இரண்டு ஊரையும் சேர்ப்பது எதுவுமில்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு புதிய ரயில் பாதை நெடுநாளாகப் பேசப்படுகிறது. வெளிவட்டச் சாலையைத் திட்டமிட்டவர்களும் நடுவே ரயிலுக்கென்று இடம் விட்டுத்தான் வரைந்தார்கள். அந்த இடத்தில் இன்னும் தண்டவாளம் இல்லை.